மாலை போட்ட படகு

செவிலிமேட்டு லாரி மெக்கானிக் அர்ஜுனன் தன்னைப் பற்றி எத்தனையோ கதைகள் சொல்வார். ஒன்றில்கூட அவர் ஜெயித்ததில்லை. பிரேக் சரிசெய்த டெம்போவை ஓட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று தன் பட்டறைச் சுவரையே இடித்த கதை ஒன்று. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காருக்கு அடியில் படுத்துக்கிடந்துவிட்டு, கிரீஸ் கையோடு மணையில் உட்கார்ந்த கதை இன்னொன்று. அந்தக் கையைத்தான் ரேணுகாம்பாள் இருபத்தாறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி அவரே முதலில் சிரிப்பார். டீக்கடையில் அவருக்கு எப்போதும் கூட்டம் உண்டு.

அவரிடம்தான் பட்டு வியாபாரி ஷரீஃப், பழுது பார்க்கச் சொல்லி ஒரு படகைக் காட்டினார். பாலாற்றிலேயே வருஷத்தில் பத்து மாதம் மணல்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் மாகறல் பக்கம் நிலம் வாங்கி, நேர்க்கோடாக ஓர் ஏரியை வெட்டி, தண்ணீரில் சறுக்கி விளையாட இடம் வைத்திருந்தார் ஷரீஃப். படகுக்கு வயது முப்பது. எஞ்சின் பின்னால் தொங்காமல் நடு வயிற்றில் உட்கார்ந்திருக்கும் ரகம். பெங்களூரில் யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

அது வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் துர்கா. மாகறல் விவசாயக் குடும்பத்துப் பெண், இருபத்து நான்கு வயது. தினமும் விடிந்ததும் ஏரியில் பாசி அள்ளுவது அவள் வேலை. அள்ளிக்கொண்டே சறுக்கவும் கற்றுக்கொண்டாள். ஒற்றைப் பலகையில் நின்று, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் மிதக்கும் ஆறு பந்துகளை இடமும் வலமுமாகச் சுற்றி வர வேண்டும். அதற்கு ஸ்லாலம் என்று பெயர். ஐந்து வாரத்தில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள்.

"மூணு வாரம் டைம் தர்றேன் அர்ஜுனன்," என்றார் ஷரீஃப். "அது முடிஞ்ச ஞாயித்துக்கிழமை நானே ஓட்டுவேன். நாலு ரவுண்டு சூடாவாம ஓடிச்சின்னா படகு இருக்கட்டும். இல்லாங்காட்டி காயலான் கடைக்குப் போவட்டும். புள்ளைங்க உக்காந்து மெதக்கற ரப்பர் வாழைப்பழம் வாங்கி வுட்டுடறேன்."

படகு போனால் துர்காவின் பயிற்சியும் போயிற்று. வேறு படகு அந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது.

அர்ஜுனன் முதல் நாளே தன் மேதாவித்தனத்தைக் காட்டிவிட்டார். படகை ஓட விட்டதும் பின்னால் இடுப்பு உயரத்துக்கு அலை எழும்பியது.

"பாத்தியாம்மா! என்னா பவரு!"

துர்கா தலையில் கை வைத்தாள். "அண்ணா, அந்த அலைய நான் குறுக்கால தாண்டணும். அலை கம்மியா வர்ற படகுதாண்ணா நல்ல படகு."

"சரி, ஸ்பீடாவது ஏத்திக் குடுக்கட்டா?"

"வாணாம்ணா. நாப்பத்தொம்போது கிலோமீட்டர்னா நாப்பத்தொம்போதுலயே நிக்கணும். நான் கயித்த இழுத்தா கொறையக் கூடாது, விட்டா ஏறக் கூடாது."

முப்பது வருஷமாக லாரிக்காரர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் வேகம், இழுவை, சத்தம். இந்தப் பெண் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. தான் கற்ற வித்தை அத்தனையும் இங்கே தலைகீழ் என்று புரிந்தபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் வேலை என்று இறங்கினால் மனிதர் வேறு. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் படகின் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் 'டொக்' என்றது, உளுத்த இடம் 'தொப்' என்றது. எட்டு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். எஞ்சின் கல்லுப்போல இருந்தது. கெட்டுப்போனது தளம்தான். பிரித்துப் பார்த்தால், மூழ்காமல் இருப்பதற்காக அடியில் அடைத்திருந்த நுரைப்பஞ்சு வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். அந்தக் கனத்தில்தான் படகின் பின்புறம் அமுங்கி அலை அப்படி எழும்பியிருக்கிறது. அவர் பவர் என்று மெச்சியது ஊறிப்போன பஞ்சை.

உளுத்த கட்டைகளை மாற்றிப் புதுத் தளம் போட்டார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பழைய பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார். ஓரம் மடங்கிய புரொப்பல்லரை லேத்துக்கு அனுப்பி நிமிர்த்தினார். வேகத்தைத் தானாகவே பிடித்து நிறுத்தும் கருவியைத் துர்கா போனில் படித்துச் சொல்லச் சொல்லப் பொருத்தினார். படகு தண்ணீரில் ஒரு சாண் உயர்ந்து மிதந்தது. அலை முழங்காலுக்கும் கீழே இறங்கிவிட்டது. வாழ்க்கையில் தான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால், "எப்படியோ ஓடுது," என்றார்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன காஞ்சிபுரம் பூக்கடையில் ஆள் உயரத்துக்கு ஒரு சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு போனார். சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. எலுமிச்சம்பழம் வைக்கப் படகுக்குச் சக்கரம் இல்லையே என்று கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு படகை ஏற்றிவந்த டிரெய்லரின் சக்கரத்தில் வைத்து நசுக்கினார். மாலை படகின் மூக்கில் ஏறியது.

"அண்ணா, மாலைய எடுத்துடலாம்ணா. தண்ணியில விழும்," என்றாள் துர்கா.

"பூஜ போட்ட மாலைய நாம எடுக்கக் கூடாதும்மா. தானா காஞ்சி விழணும். எத்தினி லாரிக்குப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஷரீஃப் ஸ்டியரிங்கைப் பிடித்தார். துர்காவைக் கவனிக்க அர்ஜுனன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை மூச்சு முட்ட இறுக்கியிருந்தார்.

முதல் ரவுண்டில் துர்கா ஆறு பந்தையும் சுற்றினாள். இரண்டாவதிலும் ஆறு. மூன்றாவது ரவுண்டு பாதியில் ஷரீஃப் கத்தினார். "அர்ஜுனன், முள்ளு ஏறுது பாரு!"

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. எஞ்சினை நிறுத்தி, துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். ஷரீஃப் இறங்கியதும் காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

அர்ஜுனன் குழாய்களைக் கழற்றினார். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் படகின் அடியிலிருந்து ஏறி, முதலில் கியர் ஆயில் கூலருக்குள் போகும். அதன் வாயில் விரலை விட்டார். கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. பிடித்து இழுத்தார். கை நிறைய மஞ்சள் இதழ். சாமந்தி.

மாலை எப்போது விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. படகு அதன் மேலேயே ஏறிப் போய் அடியிலிருந்து உறிஞ்சியிருக்கிறது. அர்ஜுனன் சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

ஷரீஃப் எட்டிப் பார்த்தார். "என்னா அடைப்பு? பாசியா?"

அர்ஜுனன் வாயைத் திறக்குமுன் ஷரீஃப் துர்காவின் பக்கம் திரும்பிவிட்டார். "காலைல அள்ளலியா நீ? உன் வேலையே அதானம்மா! இதுல செலக்‌ஷனுக்கு வேற போவணும்ற."

"அள்ளினேனே பாய்..." என்றாள் துர்கா. குரல் இறங்கிவிட்டது.

பாசி என்று சொன்னால் போதும். படகு தப்பிக்கும், முப்பது வருஷப் பேர் தப்பிக்கும். துர்காவுக்கு நாலு வசவு விழும். கூடிப்போனால் ஏரியை விட்டே அனுப்பிவிடுவார். சின்னப் பெண், வேறு வேலை கிடைக்காதா? இத்தனையும் அர்ஜுனன் நினைத்தார். ஒருமுறைக்கு இரண்டு முறை நினைத்தார். டெம்போக் கதையையும் கல்யாணக் கதையையும் ஊர் முழுக்கச் சொன்ன வாய் அப்போது திறக்கவில்லை.

துர்கா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அர்ஜுனன் கையை விரித்தார்.

"பாசி இல்ல பாய். நான் போட்ட மால. இந்தப் பொண்ணு எடுக்கச் சொல்லிச்சி, நான்தான் கேக்கல. படகு மேலயும் தப்பில்ல, இது மேலயும் தப்பில்ல."

ஷரீஃப் இதழ்களைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். காயலான் கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தார். அர்ஜுனனும் கூடச் சிரித்தார், அது அவருக்குப் பழகின வேலை.

கூலரைக் கழுவி மாட்டி, எஞ்சின் ஆறியதும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். நாலு ரவுண்டும் முள் அசையவில்லை. படகு இருக்கட்டும் என்றார் ஷரீஃப்.

துர்கா ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அர்ஜுனன் பக்கத்தில் போய் நின்றார்.

"நல்லவேள, இந்தத் தபா தேங்காவ உள்ள போடல," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க கைய மூடினப்பவே பாத்துட்டேண்ணா. விரல் சந்துல மஞ்சளா தெரிஞ்சிது."

"ஏம்மா, அப்பவே சொல்லலாமில்ல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."

அர்ஜுனனிடம் எதற்கும் ஒரு கேலி இருக்கும். அன்றைக்குத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தன்னைப் பற்றி ஊருக்குச் சொன்னதிலேயே மோசமான கதைகூட இவ்வளவு மோசமில்லை என்று பட்டது. "லேட்டுதாம்மா. தப்புதான். மன்னிச்சிடு," என்றார்.

துர்கா பலகையைத் துடைத்து முடித்தாள். ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மூணாவது பந்தாண்ட ஸ்பீடு இத்தினியூண்டு கொறையுதுண்ணா," என்றாள். "நாளைக்கி ஆறு மணிக்கே வந்துடுங்க, சரி பண்ணிடலாம்."

அர்ஜுனனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மிதவைச் சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறினார்.