ஒன்பது பிரபுக்களும் என் நான்கு பெட்டிகளும்

என்னோடு வேலை செய்யும் தோழியின் தாய்வழிக் குடும்பத்துக்கு ஒருகாலத்தில் அயர்லாந்தில் பிரபுப் பட்டம் இருந்தது. தகப்பனுக்குப் பிறகு மகன், மகன் இல்லாவிட்டால் தம்பி என்று ஒன்பது பேரிடம் கைமாறியது. ஒன்பதாமவருக்குப் பிறந்த மூன்றும் பெண்கள். அவரோடு பட்டம் அற்றுப்போனது. இளைய மகள் கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்தாள். அவள்தான் தோழியின் பூட்டி, அம்மம்மாவின் தாய்.

தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வம்ச வரைபடம் செய்துதரும்படி தோழி கேட்டாள். தரவுகளை ஒழுங்குபடுத்துவதுதான் என் தொழில், ஒப்புக்கொண்டேன். பிறப்பு, திருமணம், இறப்பு, அடக்கம் செய்த இடம் எல்லாம் கொடுத்தாள். வேட்டை நாய்களின் பெயர்கள்கூட இருந்தன. நாய்களுக்குத் தனிப் பட்டியல் போட்டேன்.

குடும்பப் பெயர் அடுத்த தலைமுறைக்குப் போகாவிட்டால் அந்தத் தலைமுறையின் பெட்டிகள் சாம்பல் நிறமாகும்படி கணினி நிரல் எழுதினேன். அவர்களுடையதில் பிரபு வம்சத்தின் கடைசி வரி மட்டும் சாம்பல்.

பிறகு எங்கள் குடும்பத்தைப் போட்டுப் பார்த்தேன். நான், அப்பா, அப்பப்பா, பூட்டன். நான்கு பெட்டிகள், நான்கும் சாம்பல். என் பின்பெயர் அப்பாவின் பெயர், அப்பாவின் பின்பெயர் அவருடைய அப்பாவின் பெயர். அந்த நிரலின்படி நாங்கள் ஒவ்வொரு தலைமுறையும் அற்றுப்போகிறோம்.

மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் இருக்கும் அம்மாவுக்கு போன் எடுத்து, பூட்டனுக்கு மேலே யாரென்று கேட்டேன். பெயர்கள் காணி உறுதிப் பத்திரங்களில் இருந்தனவாம், அவை ஊரில் வீட்டோடு எரிந்துவிட்டனவாம்.

"பூட்டன்ர மனிசியின்ர பேராவது தெரியுமோ?"

"ஆச்சி எண்டுதான் எல்லாரும் கூப்பிட்டவை. பேரை ஆர் கேட்டது? உனக்கென்ன இப்ப, காணி பிரிக்கப் போறியோ?"

அதன்பிறகு தோழியின் வரைபடத்தில் ஓட்டை தேடினேன். ஒன்று கிடைத்தது: நான்காவது பிரபுவின் மகள், மூன்று வயதில் இறந்தவள், பெயர் இல்லை. அந்த வெற்றுப் பெட்டியை எனக்குப் பிடித்திருந்தது. தோழியிடம் அதைச் சொன்னபோது கவலைப்படுவதுபோல் சொன்னேன். அவள் அயர்லாந்தில் உள்ள தேவாலயத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். வியாழக்கிழமையே பதில் வந்துவிட்டது. முழுப் பெயர், ஞானஸ்நானத் திகதி, பதிவேட்டின் படம்.

பட்டம் போனதுதான் கவலை என்றாள் தோழி. நான் தலையாட்டினேன்.

விருந்து சனிக்கிழமை. வெள்ளி மாலைவரை அந்தப் பெயரை நான் சேர்க்கவில்லை. வேலை அதிகம் என்று அவளிடம் சொன்னேன். வேலை அதிகமில்லை. பிறகு சேர்த்தேன், எழுத்துக்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.

என்னுடையதில் பூட்டனுக்குப் பக்கத்துப் பெட்டியில் 'ஆச்சி' என்று போட்டிருக்கிறேன். அதைத் தோழிக்குக் காட்டவில்லை.