முள்ளம்பன்றி ஏறிய பேருந்து

போன மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழா அறையில், ஃபினாயில் நெடி போகாத தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கு விலங்குப் படக்கதை வாசிக்கப் போன நான், குரங்குப் பக்கம் வந்ததும் நாற்காலியிலிருந்து குதித்து, கீச்சென்று கத்தி, இடுப்புப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தேன். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மற்றவை, வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லாதபோது பார்க்கும் பார்வையைப் பார்த்தன. நகைச்சுவை எழுத்தாளர் என்று சற்றுமுன் என்னை அறிமுகப்படுத்தியிருந்த சங்கச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயதில், சிரிப்பையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு ஒரு சின்னக் குழந்தையைச் சிரிக்கவைக்கத் தெரியவில்லை என்பது ஊரறிந்துபோயிற்று.

என் ஒன்பது வயதில் எனக்கு வாய்த்த வேலை இதற்கு நேர் எதிரானது. ஒரு குழந்தை சிரித்துவிடாதபடி சிரிப்புப் புத்தகம் வாசிப்பது.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பா, மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் ஓர் அறையும் சமையல்கட்டுமான 'போர்ஷனில்' எங்களைக் குடிவைத்திருந்தார். தங்கை கோமுவுக்கு அப்போது நாலு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. வாசல்வரை நடந்தால் மூச்சு வாங்கிக் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள், உதடும் நகக்கண்ணும் கறுத்து நீலமாகும். எங்கள் வீட்டில் அதற்கு 'நீலம் பாயுறது' என்று பெயர். அவள் ஒளித்துவைத்து நாவல்பழம் தின்கிறாள் என்று நினைத்துத் தெருப் பிள்ளைகள் என்னிடம் பங்கு கேட்பார்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டு முறை வரக் காத்திருந்த மாதங்கள் அவை. அதுவரை ஓட விடாதீர்கள், அழ விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிக்க விடாதீர்கள் என்பதை அம்மாவே சேர்த்துக்கொண்டாள். பக்கத்துப் போர்ஷன்காரர் ஆசையாகக் கிச்சுகிச்சு மூட்டி, கோமு சிரித்துச் சிரித்து நீலம் பாய்ந்து கண் செருகியதைப் பார்த்த பயம் அவளுக்கு.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் அப்பா, லஸ் முனையில் நடைபாதைப் பழைய புத்தகக்காரரிடம் அந்தப் புத்தகத்தை வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். "இன்னா நைனா, யானை, கரடி அல்லாம் பஸ்ல போய்க்கினு கீது பாரு. அட்டை மட்டும்தான் இல்ல," என்றார் கடைக்காரர். நனைந்து காய்ந்து அப்பளம்போல் நெளிந்த தாள்கள். உள்ளே ஒரு நகரப் பேருந்து. கண்டக்டர் ஒரு கொக்கு. நீர்யானை ஒரு பக்கம் உட்கார, எதிர்ப்பக்கத்துப் பயணிகள் கூரையில் போய் முட்டிக்கொள்வார்கள். ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிய ஒட்டகச்சிவிங்கியின் தலை மட்டும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடும். நெரிசல் தாங்காத கடைசிப் பக்கத்தில், முள்ளம்பன்றி நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் கை வீசி நடக்கலாம்.

அம்மா புரட்டிப் பார்த்தாள். "ஏல, கத வேணா வாசி. சிரிப்பு காட்டுன, முதுகுத் தோல உரிச்சிருவேன்," என்றாள்.

ஆகவே, தலைவர் யாராவது காலமானால் வானொலியில் செய்தி வாசிப்பார்களே, அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். 'நீர்யானை அமர்ந்தது. பேருந்து சாய்ந்தது.' ஏற்றமில்லை, இறக்கமில்லை, முகத்தில் ஓர் அசைவில்லை. கோமுவும் தன் பங்குக்குக் கட்டுப்பாடாகத்தான் இருந்தாள். முள்ளம்பன்றி வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். தோள் மட்டும் குலுங்கும். நான் எட்டி உதட்டின் நிறத்தைப் பார்ப்பேன். கறுக்கத் தொடங்கினால் புத்தகத்தை மூட வேண்டும். "சிரிக்கலண்ணே. சும்மா வயிறு ஆடுது," என்பாள்.

தினமும் இதுதான். அவள் சலிக்கவில்லை. எனக்குத்தான் அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து, பிற்பாடு எவர் சிரித்தாலும் முதலில் உதட்டைப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. மேடையில் அது உதவுவதில்லை.

ஒருவழியாக முறை வந்தது. வார்டுக்குள் சிறுவர்களை விடமாட்டார்கள் என்பதால் என்னைப் பக்கத்துப் போர்ஷனில் விட்டுப் போனார்கள். ஆட்டோவில் அம்மா மடியில் இருந்தபடி கோமு சொன்னாள்: "ஆப்பரேஷன் முடிஞ்சி வந்ததும் கொரலெல்லாம் மாத்தி வாசிக்கணும், என்னண்ணே? நான் சத்தமா சிரிப்பேன்."

அப்பா வந்தார், அம்மா வந்தாள், கோமுவின் கவுன்கள் இருந்த பை வந்தது. குரல் மாற்றி வாசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

இன்று அந்தச் சந்தில் எங்கள் போர்ஷன் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. புத்தகம் ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் தொலைந்தது. கோமுவுக்கு இருந்ததுபோன்ற ஓட்டையை இப்போதெல்லாம் கைக்குழந்தையிலேயே சரிசெய்துவிடுகிறார்களாம். அந்தப் பிள்ளைகள் ஓடுகின்றன, வேண்டிய மட்டும் அழுகின்றன. அப்பாவும் போய், கோமுவைப் பார்த்தவர்கள் என்று அம்மாவும் நானும்தான் மிச்சம்.

விழா அறையிலிருந்து திரும்பிய அன்று, எண்பதைத் தாண்டிய அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, என் தோல்விக்குக் காரணமும் சொன்னேன். அந்தக் காலப் புத்தகம்போல இப்போது வருவதில்லை, அந்த முள்ளம்பன்றிக்குச் சிரிக்காத பிள்ளை உண்டா, நம் கோமுவே எப்படி அடக்கமாட்டாமல் திண்டாடினாள் என்றேன்.

அம்மா சொன்னாள்: "அவ எங்கல புஸ்தகத்தப் பாத்தா? எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நீ மூஞ்சிய வச்சிருந்தேல்லா, அதப் பாத்துல்லா சிரிச்சா."