குழாய்க்காரர் வீட்டு வில்லோ

எந்த வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் அவருக்குத்தான் ஆள் போகும். அதனால் பெயரே அடைப்பண்ணன் என்றாகிவிட்டது. உள்ளே கம்பியை விட்டு இழுத்தால் பாதி வீடுகளில் வில்லோ மரத்தின் வேர்தான் வரும். மேலே கிளைகள் தரைவரை தொங்க, பரம சாதுவாக நிற்கும். அடியிலோ அதன் வேர் தண்ணீரை மோப்பம் பிடித்துக்கொண்டு அலையும்.

"இத நட்டதுக்கு நீங்களே குழாய உடைச்சிருக்கலாமே!" என்று வீட்டுக்காரர்களை வறுத்தெடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு வில்லோ வளர்ந்தது. மனைவியின் வேலை. முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவள், வாடிக்கைக்காரி ஒருத்தி கொடுத்த குச்சியைத் தோட்டத்தில் ஈரமான மூலையாகப் பார்த்துக் குத்தி வைத்தாள். சில வருஷத்தில் மரம் கூரையை எட்டிப் பார்த்தது. நாளெல்லாம் நின்றே வேலை செய்பவள், சாயங்காலம் அதன் நிழலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டுவாள். கை சும்மா இருக்காது. மண்ணைத் தொடும் கிளைகளைக் கத்தரிக்கோலால் ஒரே மட்டமாக வெட்டிவிடுவாள்.

ஒருநாள் காலையில் சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றது. அடைப்பண்ணனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடைப்பு சொந்த வீட்டில் என்பதே மறந்துபோயிற்று.

"நான் சொன்னேனா இல்லையா? இன்னைக்கு மரத்த வெட்டிட்டுதான் மறுவேலை!"

"வேர் உடைச்சிருந்தா வெட்டுங்க." என்றாள் அவள். "ஆனா தோண்டிப் பாத்துட்டு வெட்டுங்க."

கோடாலியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தோண்டினார். குழாய்க்குள் வேர் கொத்தாகத்தான் இருந்தது. ஆனால் குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு குழாய்கள் சேரும் இணைப்பின் வழியாக வேர் புகுந்திருந்தது. இணைப்பைத் தொட்டார், கையோடு வந்துவிட்டது. பசை போட்ட அடையாளமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. வீடு கட்டியபோது, அளவு சரியா என்று பார்க்கக் குழாயைச் சும்மா செருகி வைத்தார். எவர் வீட்டிலோ அவசரமென்று கூப்பிட, அப்படியே ஓடினார். பிறகு மண் போட்டு மூடியதும் அவரேதான். அந்த மூலை என்றைக்கும் ஈரமாக இருந்த ரகசியம் இதுதான்.

"என்னங்க, உடைச்சிருச்சா?"

மேலே அவள் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றால் முடிந்தது கதை. கோடாலியும் பக்கத்திலேயே இருந்தது. ஊர் சிரிக்காது, அவர் மானமும் பிழைக்கும்.

அந்த முகத்தைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"உடைக்கல. பசை போடாம விட்டிருக்கான்."

"யாரு?"

"அதான்... குழாய் போட்ட ஆளு."

"குழாய் போட்ட ஆளு யாருங்க?"

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குக் கடை தாமதமாகத்தான் திறந்தது.

வீட்டின் மறுபக்கமாக, மரத்துக்கு எட்டாத தூரத்தில், புதுக்குழாய் போட்டார். எல்லா இணைப்புக்கும் தாராளமாகப் பசை. கசிவு நின்றது. கோடை வெயில் ஏறியதும் வில்லோவின் இலைகள் பழுக்கத் தொடங்கின. அவள் கவலைப்பட்டபோது, "பட்டுப்போனா போகட்டும், சனியன் விட்டுச்சு" என்றார்.

ஒருநாள் அவள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தாள். மரத்தடியில் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைப் பிடித்தபடி அடைப்பண்ணன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"குடி, நல்லா குடி. ஓசியிலயே குடிச்சு வளந்துட்ட. உனக்கு இனி தினமும் நான் ஊத்தணுமாக்கும்!"

அவள் சத்தமில்லாமல் உள்ளே போய் இன்னொரு நாற்காலியை எடுத்து வந்தாள்.