அப்பா எந்தப் பக்கம் தலையாட்டினார்?

இந்த ஊரில் கறி வைத்துச் சுட்ட ஒரு மீட் பை வாங்குவதற்குக் கூட வாய் வேண்டும். நியூசிலாந்தின் தென் தீவில், எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் பக்கத்துப் பேக்கரியில், நான் வந்திறங்கிய முதல் வாரம் நடந்தது இது. கடைக்காரப் பெண்மணி தக்காளி சாஸ் வேண்டுமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். மறுபடியும் ஆட்டினேன், இந்த முறை கொஞ்சம் தாராளமாக. எனக்குப் பின்னால் ரப்பர் பூட்ஸ் போட்ட விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாக இருந்தால், "வாங்கினு நகரும்மா" என்று இந்நேரம் குரல் வந்திருக்கும். இவர்களோ கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவர்கள் மாதிரி அமைதியாக நின்றார்கள். கடைசியில் அந்தப் பெண்மணி சாஸ் பாட்டிலை அந்தரத்தில் பிடித்தபடி, "யெஸ்ஸா, நோவா, டியர்?" என்று மிகுந்த அன்போடு கேட்டார். எனக்கு மானமே போயிற்று. சாஸ் இல்லாமல்தான் தின்றேன்.

எங்கள் ஊர் வடக்கனந்தலில் பிறந்த யாருக்கும் என் சங்கடம் புரியும். எங்களுக்குத் தலை என்பது பேசுகிற உறுப்பு. சரி, பார்க்கலாம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், எக்கேடோ கெட்டுப் போ: எல்லாம் ஒரே ஆட்டலில் அடங்கும். எது எது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அப்பா இதில் ராஜா. கரும்பு வெட்ட ஆள் விடுவதிலிருந்து அண்ணனுக்குப் பெண் பேசி முடித்தது வரை தலையாலேயே நடத்தியவர். அன்று மாப்பிள்ளையின் அப்பா பேசிய ஒரே பேச்சு "காப்பி சூடு கம்மி" என்பதுதான் என்று அண்ணி வீட்டார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் பைலட் ஆகப்போகிறேன் என்று சொன்னபோதும் அப்படித்தான். அன்று கரண்ட் இல்லை. அப்பா ஆயில் இன்ஜினை ஓடவிட்டு, கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான், அம்மா, சித்தப்பா மூவரும் வரப்பில் வரிசையாக நின்றோம். சித்தப்பா ஒருமுறை யாரையோ ஏற்றிவிட மீனம்பாக்கம் வரை போய் வந்தவர், அதனால் விமானத்துறை நிபுணராக வந்திருந்தார். நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததைத் தொண்டை கிழியச் சொன்னேன். வழி மூன்று இருக்கிறது. ஒன்று, விமானக் கம்பெனியே ஆளை எடுத்து, அவர்களே பயிற்சி கொடுத்து, தேறினால் அவர்களே வேலையும் கொடுப்பது. ஆலையில் கரும்பைப் பதிவு பண்ணி வைக்கிற மாதிரி. ஆனால் எடுப்பது நூற்றில் ஒருத்தரை. இரண்டாவது, நம் நாட்டிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி. விமானம் கம்மி, மாணவர்கள் ஜாஸ்தி, மழை வந்தால் எல்லாரும் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வெளிநாடு. சீக்கிரம் முடியும். ஆனால் திரும்பி வந்தால் நம் நாட்டுத் தேர்வுகளை எழுதி உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம் வேலையையும் நாமே தேட வேண்டும். நான் மூன்றாவதைக் கேட்கிறேன், என்னப்பா சொல்கிறீர்கள் என்று முடித்தேன்.

அப்பா இன்ஜினுக்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றி நின்று முழுசாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு மடையைத் திருப்பப் போய்விட்டார்.

எனக்கு அது "போய் வா" என்று தெரிந்தது. அம்மா, "வெளிநாடு வாணாம், இங்கியே படின்றாரு" என்றாள். சித்தப்பா இரண்டையும் தள்ளுபடி செய்தார். "அண்ணன் எதுவுமே வாணாம்னுட்டாரு, வுட்டுடு பாப்பா." அப்பா தலையாட்டிய பிறகு மறுபடி போய்க் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அது ஜட்ஜ் எழுந்துபோன பிறகு வாதாடுவது மாதிரி. எனக்குச் சாதகமான அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டு மனு போட்டுவிட்டேன். மெடிக்கல் பரிசோதனைக்குச் சென்னைக்கு அழைத்துப் போனவரும் அப்பாதான், விமானம் ஏற்றிவிட்டவரும் அவர்தான். இரண்டு இடத்திலும் தலையாட்டினார். மனசார அனுப்பினாரா, மகள் பிடிவாதக்காரி என்று விட்டுவிட்டாரா? இந்தக் கேள்வி என் பெட்டியோடு கடல் தாண்டி வந்துவிட்டது.

இங்கே எனக்கு வாய்த்த பயிற்றுநர் லியம் என்னைவிட நாலு வயது சின்னவர். வயதுக்கு 'அவன்' போடலாம், வாத்தியார் என்பதால் 'அவர்' போடுகிறேன். 'ஸார்' என்றால் அவருக்குக் காது சிவந்துவிடும், பெயர் சொல்ல எனக்கு நாக்கு வராது. பல நாட்கள் அந்தக் காலத்துப் பெண்டாட்டி மாதிரி கூப்பிடாமலே காலம் தள்ளினேன். விமானத்தில் இருவருக்கும் முன்னால் தனித்தனி ஸ்டீரிங் உண்டு. கட்டுப்பாடு கைமாறும்போது, "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று கொடுப்பவர் சொல்ல வேண்டும், "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாங்குபவர் சொல்ல வேண்டும், கொடுத்தவர் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நிலத்தைக் கிரயம் முடிக்கக்கூட இவ்வளவு பேச்சு கிடையாது.

ஒருநாள் ஆட்டு மந்தைகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது அவர், "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றார். நான் வழக்கம்போல் தலையை ஆட்டினேன், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்ற அர்த்தத்தில். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார். நல்ல விமானம், யாரும் பிடிக்காமலே கொஞ்ச தூரம் சமர்த்தாகப் போயிற்று. பிறகு மெல்ல இடது பக்கம் சாய்ந்து, மேற்கே இருக்கும் பனிமலையை நோக்கித் திரும்பியது. யாரோ எங்கள் கல்வராயன் மலைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்த மாதிரி இருக்கும் அந்த மலை. எங்கள் ஊரிலும் மலை மேற்கேதான். நான் அதையே ரசித்துக்கொண்டிருந்தேன். "யார் ஓட்டுகிறார்கள்?" என்று லியம் கேட்டார். "நீங்கள்தான்" என்றேன். அவர் முகம் மலையைவிட வெளுத்துவிட்டது. இறங்கிய பிறகு ஒரு காப்பிக் கோப்பையை வைத்து, கொடுப்பதும் வாங்குவதுமாக என்னைச் சொல்லச் சொல்லிப் பழக்கினார். வாயால் வராதவரை தனியாகப் பறக்க விடமாட்டேன் என்றார். பூம்பூம் மாடாக வந்தவள் ஒருவழியாக வாய் திறந்தேன்.

உரிமமும் வாங்கியாயிற்று. இப்போது மறுபடியும் இரண்டு வழி. ஒன்று, பயிற்றுநர் படிப்பு படித்து, இங்கேயே வகுப்பெடுத்துப் பறந்த மணி நேரத்தைச் சேர்ப்பது. மற்றது, ஊருக்கு வந்து தேர்வெழுதி வேலை தேடுவது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லு என்று பள்ளியில் கேட்டார்கள். வீடியோ காலில் வீட்டைப் பிடித்தேன். அப்பா கட்டிலில், போன் சித்தப்பா கையில், அம்மா பின்னால். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்னப்பா செய்யட்டும் என்று கேட்டேன். அப்பா தலையை ஆட்டினார்.

"வந்துடச் சொல்றாரு" என்றார் சித்தப்பா. "அங்கியே இருக்கச் சொல்றாரு" என்றாள் அம்மா.

நானும் இந்த இரண்டு கண்ணால்தான் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தது, எங்கே நின்றது, ஒன்றும் பிடிபடவில்லை. இங்கே வாயால் பேசக் கற்றதில் அங்கே தலையை வாசிக்க மறந்துபோயிருந்தேன். பயமாக இருந்தது. பெற்ற அப்பன் முகம் எனக்குப் புரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

"அப்பா, வாயால சொல்லுங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத சொல் அது. சித்தப்பா போனைச் சாய்த்துவிட்டார். விட்டத்து மின்விசிறி மட்டும் தெரிந்தது. பிறகு அப்பாவே போனை வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்குக் கழனியில நீ சொன்னது ஒண்ணும் எனக்குக் காதுல வுழல பாப்பா. இன்ஜின் ஓடிக்கினு இருந்துது."

"அப்புறம் எதுக்குப்பா தலையாட்டினீங்க?"

"நிறுத்திட்டுக் கேட்டா முதல்லேந்து சொல்லுவ. அம்மாம் நேரம் மடை தாங்குமா? உம் மூஞ்சியப் பாத்தேன். போறதுன்னு முடிவு பண்ண மூஞ்சி. நான் இன்னாத்த தடுக்கறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் நான் சுமந்த கேள்வியை ஒரு ஆயில் இன்ஜின் விழுங்கியிருக்கிறது. இப்போது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"வுழுந்துது. நீ வூட்டுக்கு வந்துடணும்னுதான் எனக்கு இருக்குது. வெறிச்சுனு கீது. ஆனா வண்டி ஓட்றவ நீ. பக்கத்துல குந்திக்கினு நான் வளைக்கக் கூடாது. நீயே சொல்லு, இருக்கியா, வரியா?"

தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்லும்மா" என்றார் அப்பா.

"ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துடறேன்பா" என்றேன். அவர் தலையாட்டவில்லை. "சரி" என்றார். அந்த ஒரு சொல்லைச் சித்தப்பா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பயிற்றுநர் படிப்பு தொடங்கியது. இப்போது நான் வலது இருக்கையில், வாத்தியார் இடத்தில் உட்கார வேண்டும். இடது பக்கம் லியம், ஒன்றும் தெரியாத மாணவனாக நடிக்கிறார். அதே ஆட்டு மந்தைகளுக்கு மேலே, ஒரு எழுத்துப் பிசகாமல், "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றேன். அந்தப் படுபாவி வாயைத் திறக்கவில்லை. என்னிடமிருந்தே கற்றுக்கொண்ட மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டினார். அச்சு அசலாக வடக்கனந்தல் ஆட்டல். எனக்கு அது "சரி" என்று அப்படியே புரிந்துவிட்டது. யோசிக்கக்கூட இல்லை, கையை எடுத்துவிட்டேன்.

அவர் கையும் ஸ்டீரிங்கில் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். விமானம் மெல்லச் சாய்ந்து, மேற்கே தெரிந்த மலையைப் பார்த்து, தானாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.