தூக்கிப் போட்ட முதல் அளவு

சோதனை அறையில் அவளுக்குப் பெயர் ‘சந்தேக அக்கா’. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். பதினெட்டு வருஷமாக, பிறர் செய்து கொடுப்பதை ஆட்டிப் பார்த்துக் குறை சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறாள். வேறென்ன பெயர் கிடைக்கும்?

அந்த வருஷம் அவள் மேஜைக்கு வந்தது, செயற்கைக்கோளில் வைக்கிற ஒரு தொலைநோக்கிக்கான தகடு. நகத்தளவில் நூற்றுக்கணக்கான பொடிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாயும். வானத்தில் எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தால் அதன் முதல் பளிச்சிடல் சில நொடிதான். பெரிய தொலைநோக்கி தன் உடம்பைத் திருப்புவதற்குள் அது முடிந்துவிடும். இவையோ கண் இமைப்பதற்குள் திரும்பிவிடும். வடிவமைத்த பெண் அவளைவிடப் பத்து வயது இளையவள்; ஏழு வருஷமாக இதே நினைப்பு. இரண்டு வாரத்தில் செயற்கைக்கோள்காரர்கள் வந்து, வேண்டுமா வேண்டாமா என்று சொல்லப்போகிறார்கள்.

எந்தச் சோதனையிலும் முதல் அளவைச் சேர்ப்பதில்லை. கருவி சூடாகட்டும் என்று ஒரு தடவை ஆட்டி, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இரண்டாவதிலிருந்து எழுதுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவளே அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, அடிக்கப் போன பேனா நின்றது. ‘திரும்பு’ என்ற முதல் ஆணைக்குக் கால்வாசிக் கண்ணாடிகள் அசையவே இல்லை. இரண்டாவதற்கு எல்லாம் சமர்த்தாகத் திரும்பின. பழைய தாள்களைப் புரட்டினாள். திங்கட்கிழமை தோறும் இதே கதை.

“மேடம், வானத்துல வெடிக்கிறது நமக்காக ரெண்டாவது தடவை வெடிக்குமா?” என்று வடிவமைப்பாளரின் அறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“என்னக்கா, காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று சிரித்தபடி வந்த வடிவமைப்பாளர் தாளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு நாள் சும்மா கிடந்தாலே ஒட்டிக்குதா? அங்க மாசக்கணக்கா கிடக்கணுமே.” பிறகு மெதுவாக, “இதை இப்ப வெளிய சொன்னா என் கதை முடிஞ்சுதுக்கா.”

“சொல்லாம அனுப்பினா அங்க போய் முடியும். கோடு போட்டு மறைச்சவ நான்தான், அது வேற.”

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்ததுமே, தீயணைப்பு வண்டி ஓட்டும் கணவர் தாமாகவே பாத்திரம் தேய்க்கப் போனார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க வண்டியும்தான் வாரக்கணக்கா நிக்குது. நெருப்பு பிடிச்ச அன்னிக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்? தினம் காலையில கொஞ்ச நேரம் உறும விடுவோம். உன் கண்ணாடி மட்டும் என்ன, ராஜா வீட்டுப் பிள்ளையா?”

“வந்துட்டாரு விஞ்ஞானி. அடிப்பிடிச்சதை ஒழுங்கா தேய்ங்க.”

ஆனால் மறுநாள் பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே வடிவமைப்பாளரிடம்தான் போனாள். மணிக்கு ஒரு தரம் கண்ணாடிகள் துளி அசைந்துகொள்ளும்படி நிரல் எழுத மூன்று நாள் ஆனது. வெள்ளிக்கிழமை அதை ஓடவிட்டுப் பூட்டிப் போனார்கள்.

திங்கட்கிழமை இருவரும் கருவியின் பொத்தானுக்கு முன்னால் நின்றார்கள்.

“நீங்களே அமுக்குங்கக்கா.”

“உங்க கண்ணாடி, நீங்கதான் அமுக்கணும்.”

அமுக்கினாள். மூன்றைத் தவிர எல்லாம் திரும்பின. வடிவமைப்பாளர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“இருங்க, அந்த மூணு ஏன் திரும்பலை?” என்றபடியே சந்தேக அக்கா முதல் அளவை முதல் வரியில் எழுதினாள்.

வடிவமைப்பாளர் செயற்கைக்கோள்காரர்களுக்கான கோப்பைப் பிரித்து, பழைய திங்கட்கிழமைத் தாள்களை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

“முதல்ல இதைப் பார்க்கட்டும்க்கா. அப்புறம் இன்னிக்கு நடந்ததைக் காட்டுவோம்.”