தண்ணிப் பாட்டு

எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் பாதியளவு தண்ணீர் இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்திருந்த இளம்பெண் அதை என் மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இது என்னது மேடம்?" என்று கேட்டாள். மனைவிக்குத் தெரிந்திருந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரியும். உதடு குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, "தொ… தொ…" என்று ஏதோ வந்து நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்று அந்தப் பெண் முன்பே எச்சரித்திருந்தாள். கொஞ்சம் பொறுத்துவிட்டு அந்தப் பெண் தம்ளரைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடங்களில் காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுகிற பாட்டு ஒன்றின் முதல் அடியை மெல்ல எடுத்தாள். இரண்டாவது அடியை என் மனைவி வாங்கிக்கொண்டாள். ஒரு சொல் பிசகாமல், ஒரு எழுத்து குழறாமல் கடைசிவரை பாடி முடித்தாள். தண்ணீர் என்கிற ஒரு சொல்லைக் கொண்டுவர முடியாத அதே வாய்.

அவள் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். எங்கள் தெருவில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் பாதி கேலியாக அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஆண்டு விழாப் பாட்டுகளுக்கு மெட்டுப் போடுவது அவள் வேலை, வார்த்தை எழுதித் தருவது பள்ளியின் தமிழாசிரியை வேலை. நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புகாரும் வாக்குமூலமும் எழுதித்தான் என் கை தேய்ந்தது. குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, சாயங்காலங்களில் அவள் புது மெட்டு ஏதாவது பாடிக் காட்டுவாள். "நீங்க பாட்டு கேக்கும்போதும் வாக்குமூலம் எழுதுத மாதிரியே உக்காந்திருக்கிய" என்பாள். அந்த வருஷத்து விழாவுக்கு ஒரு மெட்டைப் போட்டு முடித்து, வார்த்தைக்குக் காத்திருந்த சமயத்தில்தான், ஒரு காலையில் சமையலறையில் அடுப்பை அணைக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலது காலில் உயிர் திரும்பியது. வலது கையில் பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

"சார், மேடத்துக்குப் பேச்சுதான் போயிருக்கு, பாட்டு போகல" என்று அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். "பேசுத எடமும் பாடுத எடமும் மூளையில வேற வேற. தெனமும் தேவப்படுத வார்த்தைய சின்னச் சின்னப் பாட்டாக் கட்டிக் குடுங்க. பாடிப் பாடிப் பழகட்டும்."

"எனக்குப் பாட்டெல்லாம் வராதும்மா. ஸ்டேஷன்ல எழுதுனவன் நான்."

"எழுத வருதுல்லா, போதும்."

இப்படித்தான் தலை நரைத்த பிறகு நான் பாட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இன்னும் நினைவில் இருக்கிறது: 'தாகம் ஏற்பட்டுள்ளபடியால் தண்ணீர் தேவைப்படுகிறது.' அவளுக்குத் தெரிந்த ஒரு தாலாட்டு மெட்டில் இதைப் பாடிக் காட்டினேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை. இடது கையால் என் கையை இழுத்து, உள்ளங்கையில் மெட்டின் தாளத்தைத் தட்டினாள். நீளமாக ஒரு தட்டு, குட்டையாக இரண்டு, மறுபடி நீளம். என் வார்த்தைகளை அந்தத் தட்டுகளின்மேல் வைத்துப் பார்த்தேன். வழியெல்லாம் இடறியது. மெட்டு நீளும் இடத்தில் 'தா' மாதிரி நெடில் வர வேண்டும், அது ஓடும் இடத்தில் குறில் வர வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்து மறந்த சமாச்சாரம். வரியின் கடைசியில் வாய் திறந்திருக்கிற எழுத்தாக இருந்தால் அவளுக்கு மூச்சு தாராளமாக வெளியேறியது, பிடித்து நிறுத்துகிற எழுத்தானால் முகம் சிவந்தது. பெரிய சொல் ஆகாது. ஒரு மூச்சுக்குள் அடங்காத வரி ஆகாது. எல்லாவற்றையும்விட மோனை. முதல் சொல் 'தண்ணி' என்றால் அடுத்த சொல்லும் அதே ஓசையில் தொடங்க வேண்டும்; இருட்டில் படி ஏறுகிறவர் கைப்பிடியைத் தடவிப் போகிற மாதிரி அவள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். மோனை அழகுக்காக வைப்பது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

'தண்ணி தாங்க, தாகமா இருக்கு.' பல வாரம் அடித்துத் திருத்தி இவ்வளவுதான் மிஞ்சியது. ஒரு காலையில் நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் குரலில் இந்த வரி வந்தது. குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தம்ளர் நிறையக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. பசிக்கு ஒன்று, ஃபேன் போடச் சொல்லி ஒன்று, கால் வலிக்கு ஒன்று, மகளுக்கு போன் போட்டுத் தரச் சொல்லி ஒன்று.

ஆனால் மத்தியானங்களில் அவள் தன்னுடைய மெட்டை முனகுவாள். விழாவுக்காகப் போட்டு, வார்த்தை வராமலே நின்றுபோன அந்த மெட்டு. அதற்கும் எழுதிவிடலாம் என்று எனக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. மழையை வைத்து எழுதினேன், பிள்ளைகளை வைத்து எழுதினேன், மலையை வைத்து எழுதினேன். அளவெல்லாம் சரியாக உட்கார்ந்தது. பாடிக் காட்டினால் கேட்பாள்; திரும்பப் பாடச் சொன்னால் பாடுவாள். முகத்தில் எதுவும் இருக்காது. நன்றாக இருக்கிறதா, டீச்சர் நினைத்தது இதுதானா என்று கேட்பேன். தலை ஆடும். அந்த ஆட்டம் ஆமாமா இல்லையா என்று அவளுக்கே குழம்பிப்போகும், ஆமாமுக்கும் இல்லைக்கும் தலை மாறி ஆடுவது இந்த நோயில் உண்டு என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். விசாரணையில் வாய் திறக்காத எத்தனையோ பேரின் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படிக் கை பிசைந்ததில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. சாரல் எங்கள் தெருவரை அடித்தது. வாசுதேவநல்லூரிலிருந்து என் தங்கை, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், அவர்கள் சொந்தக்காரர்கள் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள், கூடத்தில் இடமில்லை. அந்தச் சமயத்தில் மனைவி 'தண்ணி தாங்க' பாடினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, மதினி எவ்வளவு அழகாப் பாடுதாவ!" என்றாள். பிறகு, "மதினி, இன்னொருக்கா பாடுங்களேன், இவிய கேக்கல." பாடினாள். வேறு யாரோ செல்போனை எடுத்தார்கள். "பசிப் பாட்டும் இருக்காம்லா, அதையும் பாடச் சொல்லு." அதையும் பாடினாள். சின்னப் பிள்ளைகள் கை தட்டின. ஒருவன் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். யார் மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை. குடித்த தண்ணீர் அவள் கடைவாயில் வழிந்து சேலையை நனைத்தது. 'தண்ணி தாங்க' என்று பாடிக்கொண்டே அவள் தம்ளரைத் தள்ளினாள், அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். தண்ணீர் என்கிற சொல் வராமல் அன்றைக்குப் பார்த்தாளே, அந்தப் பார்வை இல்லை இது.

"போதும், அவ ஓய்வெடுக்கட்டும்" என்று அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனேன். கட்டிலில் உட்கார வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. எதையாவது கேட்டு வாங்குவதற்கு மட்டுமே நான் அவளுக்குப் பாட்டு எழுதியிருக்கிறேன். மறுப்பதற்கு ஒன்றுகூட எழுதவில்லை. பாடு என்றால் பாடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

விருந்தாட்கள் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். 'வேண்டாம்' லேசில் பாட்டுக்குள் வருகிற சொல் இல்லை. வரியின் கடைசி எழுத்து திறந்திருக்க வேண்டும் என்று கற்றுவைத்திருந்தேன். இதுவோ வாயை மூடி முடிகிறது. 'வேண்டாமே' என்று எழுதிப் பார்த்தேன். கெஞ்சுவது போல் இருந்தது, அடித்துவிட்டேன். வேண்டாம் என்கிறவர் வாயை மூடிக்கொள்வதுதான் சரி என்று பட்டது. 'வேண்டாம், விடுங்க, வேண்டாம்.' மெட்டைத் தணித்து, கடைசி 'ம்'மில் அவள் மூச்சு நிற்கிற மாதிரி வைத்தேன். மற்றதையெல்லாம்விட இதைப் பழக அவளுக்கு அதிக நாள் ஆனது. நான் பாட, அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள். வராது போலிருக்கிறது என்று நானே விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் அவள் மெட்டுக்குப் புதிதாக எழுதியதைப் பாடிக்காட்ட உட்கார்ந்தேன். நான் எழுதியதிலேயே தேறியது அதுதான் என்ற நினைப்பு எனக்கு. இரண்டாவது வரிக்குப் போவதற்குள் அவள் இடது கை என் வாய்மேல் வந்தது.

"வேண்டாம், விடுங்க, வேண்டாம்."

அவ்வளவு தெளிவாக இருந்தது. சந்தோஷத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வார்த்த வேண்டாமா? வேற எழுதட்டா?" என்றேன். வேண்டாம் என்று பாடினாள். "நான் எழுதுததே வேண்டாமா?" அதற்கும் அதே வரி. "பாட்டே வேண்டாமா, டீச்சர்?" உதடு குவிந்து, வேறு ஏதோ சொல் வரப்போவது போல் கழுத்து நரம்பு அசைந்தது. கடைசியில் வந்தது மறுப்பதற்கு இருக்கிற அந்த ஒரே வரிதான். எதை வேண்டாம் என்கிறாள் என்று சொல்ல நான் அவளுக்குச் சொல் கொடுத்திருக்கவில்லை. என்ன சொல் கொடுக்க வேண்டும் என்று அவளாலும் சொல்ல முடியாது.

இந்த முறை கடைசி 'ம்' நிற்கவில்லை. மூடிய உதட்டுக்குள்ளேயே நீண்டு, ஏறி, இறங்கி, அவளுடைய மெட்டாக மாறியது. முதலிலிருந்து கடைசிவரை வார்த்தை இல்லாமல் முனகி முடித்தாள். நான் காகிதத்தை மடித்து வைத்தேன். இன்றைக்கும் மத்தியானமானால் அதை எடுப்பாள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்கிறேன். என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது.