மண்சரிவு வெற்றி

ஹங்கேரிய வானொலி நிலையம் ஒன்றில் எமெகே மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, இங்கிலாந்துத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போயிற்று. அதை ஆங்கிலத்தில் தொங்கு நாடாளுமன்றம் என்பார்கள். "அப்படியே மாத்திப் போடும்மா, நேரமில்ல" என்றார் செய்தி ஆசிரியர். ஹங்கேரிய மொழியில் அது தூக்கிலிடப்பட்ட நாடாளுமன்றமாகி ஒலிபரப்பானது. நேயர்கள் போன்மேல் போன் போட்டு வாழ்த்தினார்கள். நம்ம நாட்டில் எப்போது என்று ஆவலாகக் கேட்டார்கள். எமெகேக்கு வேலை போயிற்று. ஆசிரியருக்குப் பதவி உயர்வு வந்தது.

டான்யூப் கரையில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பி, பள்ளியில் ஆங்கிலம் நடத்தினாள். மேட்டு மண்மேல் நிற்கிற ஊர் அது. பனி உருகினால் யாருடைய தோட்டமோ ஒயின் நிலவறையோ ஆற்றுக்குள் இறங்கிவிடும். போன வசந்தத்தில் எமெகேயின் சமையலறைச் சுவர் போயிற்று. மேயர் பர்னபாஷ் மூன்று தேர்தலாகத் தடுப்புச்சுவர் கட்டிவந்தார். பேச்சில் மட்டும் என்பதால் அதில் ஒரு விரிசல்கூடக் கிடையாது.

நான்காவது தேர்தலுக்கு லண்டனிலிருந்து கிளைவ் என்ற ஆலோசகரை வரவழைத்தார். மேடையில் கிளைவின் ஆங்கிலப் பேச்சை மொழிபெயர்க்க எமெகேயைப் பிடித்தார்கள்.

"ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. புரியுதா?" என்றார் மேயர்.

"நீங்க சொன்னா சரிங்க மேயர் ஐயா."

மண்டபம் நிரம்பியிருந்தது. மேயரின் மேல் இருந்த பாசமும், சுடச்சுட வைத்திருந்த பொகாச்சா ரொட்டியும் காரணம். கிளைவ் கையை உயர்த்தி, அமோக வெற்றி என்பதை ஆங்கிலேயர் வழக்கப்படி மண்சரிவு என்றார்.

எமெகே நிதானமாக மொழிபெயர்த்தாள்: "பர்னபாஷ் ஐயா மறுபடி ஜெயிப்பார். இந்த ஊர் இதுவரை பார்க்காத மண்சரிவு வரும்."

மண்டபத்தில் ரொட்டி மெல்லும் சத்தம் நின்றது.

"இந்தத் தடவை எந்தத் தெருய்யா?" என்று கத்தினார் பேக்கரிக்காரர் கெர்கெ. "முன்னாடியே சொல்லிட்டா சாமானையாவது எடுத்து வெச்சுக்குவோம்!"

கிளைவ் அதை உற்சாகக் குரல் என்று நினைத்துக்கொண்டார். எதிராளியைப் பிடிக்காதவர்கள் விலகிப் போவார்கள் என்பதற்கு இன்னொரு ஆங்கில வழக்கை எடுத்துவிட்டார்.

"மக்கள் காலால் ஓட்டுப் போடுவார்கள்" என்றாள் எமெகே.

போட்டார்கள். நாற்காலிகள் கிறீச்சிட, கோட்டை மாட்டிக்கொண்டு, மிச்ச ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள். கிளைவ் கடைசி ஆள் போகும்வரை கையசைத்தார்.

தேர்தலில் மேயர் தோற்றார். மறுவாரமே பள்ளிக்கு வந்து எமெகேயைத் தாழ்வாரத்தில் மடக்கினார்.

"வேணும்னேதானே பண்ணுன?"

"நான் ஏதாவது கூட்டினேனா? குறைச்சேனா?"

"அமோக வெற்றின்னு ஒரு வார்த்தை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள். "என் அடுப்பு ஆத்துல கிடக்குதுன்னு உங்களுக்கும்தான் தெரியும்."

அவர் படியிறங்கிப் போனார். வானொலியில் வேலை போன கணக்கும் சேர்ந்து தீர்ந்ததுபோல் எமெகேக்கு இருந்தது. அன்றைய வகுப்பை வழக்கத்தைவிடச் சத்தமாக நடத்தினாள்.

புதிய மேயர் மாட்டு டாக்டர் ஹெட்விக், பதவியேற்றதுமே தடுப்புச்சுவரை ஆராய ஒரு கமிட்டி போட்டார். செய்தி தெரிந்த அன்றே எமெகே கட்டிலை ஆற்றுப்பக்க அறையிலிருந்து தெருப்பக்க அறைக்கு இழுத்துப் போட்டாள்.